சராசரி மனிதர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்?

விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் பீளமேட்டில் அவினாசி சாலையோரம் தூய்மைப் பணியாளர்களின் வேலை தொடங்கிவிடுகிறது. சீமாறு தரையில் பட்டதும், முதல் நாள் முழுக்கப் படிந்த புழுதி எழும்பி முகத்தில் அடிக்கிறது. முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பெண்கள் கூட்டுகிறார்கள். அவர்களைக் கடந்து, கண்ணாடியை ஏற்றிவிட்ட கார்கள் விமான நிலையத்துக்கு விரைகின்றன. அன்றைக்குக் கோவையின் காற்று எப்படி என்று கைப்பேசியில் பார்த்தால் ஒரே ஓர் எண் வருகிறது. காருக்குள் இருப்பவருக்கும் அதே எண்தான், சீமாறு பிடித்திருப்பவருக்கும் அதே எண்தான்.

அந்த எண் யாருடைய மூச்சைச் சொல்கிறது? நேர்மையாகச் சொன்னால், இருவருடையதையும் அல்ல. கருவி ஓரிடத்தில் நிற்கிறது. மனிதர்கள் வேறு வேறு இடங்களில் நிற்கிறார்கள். யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை நம் நாட்டில் பெரும்பாலும் சாதிதான் முடிவு செய்திருக்கிறது. ஆகவே, காற்று, தண்ணீர், தூசு, நச்சு வாயு ஆகியவற்றால் மக்களுக்கு வரும் ஆபத்தைக் கணக்கிடும்போது எந்த மாதிரிக் கணக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். அதிகாரிகளும் பேராசிரியர்களும் மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது.

ஒரே தண்ணீர், இரண்டு உடம்பு

முதலில் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம். தண்ணீரில் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் நஞ்சு இருக்கிறது, ஒருவர் ஒரு நாளில் எத்தனை லிட்டர் குடிக்கிறார், இந்த இரண்டையும் பெருக்க வேண்டும். வருவதை அவருடைய உடல் எடையால் வகுக்க வேண்டும். கிடைப்பது ஒரு கிலோ உடம்புக்கு ஒரு நாளில் சேரும் அளவு. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு.

ஃபுளோரைடை எடுத்துக்கொள்வோம். போர்வெல் தண்ணீரை நம்பி இருக்கும் ஊர்களில் பல்லில் கறை, மூட்டு வலி, எலும்பு வளைவு என்று அது செய்யும் கேட்டைத் தருமபுரி, சேலம் பக்கம் நன்றாக அறிவார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை அனுமதி.

1.5 உள்ள தண்ணீரை 65 கிலோ எடையுள்ள ஓர் ஆண் ஒரு நாளைக்கு 2 லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். 65 கிலோ என்பது நாம் நினைத்த எண் அல்ல. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் இந்திய ஆணுக்கு வகுத்த மாதிரி எடை. கணக்குப்படி அவருக்குக் கிலோவுக்கு 0.046 மில்லிகிராம் சேர்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தரவுத்தளம் தரும் பாதுகாப்பான அளவு 0.06. அதற்குள் அடங்கிவிட்டது, பயமில்லை.

இப்போது அதே குழாய்த் தண்ணீரை, சித்திரை வெயிலில் கரும்புத் தோட்டத்தில் களை வெட்டும் 45 கிலோ எடையுள்ள ஒரு கூலித் தொழிலாளி குடிக்கட்டும். வெயிலில் வேலை செய்பவருக்கு 5 லிட்டர் அதிகமில்லை. கிலோவுக்கு 0.167 மில்லிகிராம். முதல் ஆளைவிட 3.6 மடங்கு, பாதுகாப்பான அளவைப்போல ஏறக்குறைய 3 மடங்கு. தண்ணீர் மாறவில்லை, சட்டத்தின் வரம்பும் மாறவில்லை. ஆள் மட்டுமே மாறியிருக்கிறார்.

அறிக்கையில் வருகிற அந்த 65 கிலோ, 2 லிட்டர் ஆசாமிதான் சராசரி மனிதர். அவர் வெயிலில் வேலை செய்வதில்லை, சாக்கடைக்குள் இறங்குவதில்லை. நம் வளவிலோ காலனியிலோ அவரை நாம் பார்த்ததில்லை. ஆனால் நமக்கு ஆபத்து உண்டா இல்லையா என்பதை அவரை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

மணி வடிவம் பொருந்தாத இடம்

ஒரே ஆளை வைத்துக் கணக்குப் போடுவது தவறு என்று உலகில் பல இடங்களில் உணர்ந்துவிட்டார்கள். ஓர் எண்ணுக்குப் பதிலாக எண்களின் பரவலை எடுத்துக்கொள்வது இன்றைய முறை. எத்தனை பேர் குறைவாக, எத்தனை பேர் நடுத்தரமாக, எத்தனை பேர் மிக அதிகமாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்று முழுப் படத்தையும் வரைவதே நிகழ்தகவுப் பரவல். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் படிக்கும் மாணவர்களுக்கு இயல்நிலைப் பரவல், பாய்சான் பரவல் என்ற பெயர்கள் தெரியும். ஆனால் எந்த இடத்துக்கு எந்தப் பரவல் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கிறது.

இயல்நிலைப் பரவல் மணியைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சரிவு. வயது வந்த ஆண்களின் உயரத்தை அளந்தால் ஏறக்குறைய இப்படி வரும். மாசு அப்படி இல்லை. அது நம் ஊர் நிலவுடைமை மாதிரி: பெரும்பாலோரிடம் கொஞ்சம், சிலரிடம் மலையளவு.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துப் பேர் ஒரு நாளில் சுவாசித்த நுண்தூசு, ஒரு கன மீட்டருக்கு மைக்ரோகிராமில்: 20, 20, 25, 30, 30, 35, 40, 50, 90, 260. கூட்டினால் 600, சராசரி 60. இந்தியாவில் பி.எம். 2.5 எனப்படும் நுண்தூசுக்கு 2009 முதல் உள்ள ஒரு நாள் வரம்பும் 60தான். சராசரி வரம்பைத் தாண்டவில்லை என்று கோப்பை மூடிவிடலாம். ஆனால் வரிசையின் நடுவில் நிற்பவரின் அளவு, அதாவது இடைநிலை, வெறும் 32.5. எட்டுப் பேர் சராசரிக்குக் கீழே இருக்கிறார்கள். எரியும் குப்பைக்குப் பக்கத்தில் நின்றவர் 260ஐச் சுவாசித்திருக்கிறார்.

இந்தப் பத்து எண்களுக்கும் மணி வடிவத்தைப் பொருத்தினால் வேடிக்கையான ஒரு விடை வருகிறது. திட்டவிலக்கம் 70ஐ ஒட்டி இருப்பதால், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பூஜ்யத்துக்கும் கீழே தூசு சுவாசிப்பதாக அந்த வளைவு சொல்லும்! இல்லாத தூசைச் சுவாசிக்கும் இல்லாத மனிதர்களை உண்டாக்குகிற அதே வளைவு, 260ஐச் சுவாசித்த உண்மையான மனிதரை நடக்கவே முடியாத அபூர்வம் என்று ஓரத்தில் தள்ளிவிடும்.

இப்படிப்பட்ட எண்களுக்கு மடக்கை இயல்நிலைப் பரவல்தான் பெரும்பாலும் பொருந்துகிறது. எண்களுக்கு மடக்கை எடுத்தால் மணி வடிவம் வரும். மடக்கை எடுக்காமல் பார்த்தால் வலது பக்கம் நீண்ட வால் இருக்கும். காரணம் எளிது. உயரம் பல சின்னக் காரணங்கள் கூடுவதால் அமைகிறது. மாசோ பல காரணங்கள் பெருகுவதால் அமைகிறது. காற்று வீசவில்லை என்றால் இரண்டு மடங்கு, குப்பை எரிந்தால் அதில் மூன்று மடங்கு, வேலை நேரம் நீண்டால் அதிலும் இரண்டு மடங்கு. 2, 3, 2 ஆகியவற்றைக் கூட்டினால் 7, பெருக்கினால் 12. வால் இப்படித்தான் நீள்கிறது. அந்த வாலில் நிற்பவர்களைக் கண்டுபிடிப்பதே ஆபத்துக் கணக்கின் வேலை.

இரண்டு மேடுகளை ஒன்றாக்கும் தந்திரம்

மடக்கை எடுத்தாலும் தீராத ஒரு சிக்கல் உண்டு. ஊர் வேறு, காலனி வேறு என்று இருக்கும் நாட்டில் பரவலுக்கு ஒரு மேடு இருக்காது, இரண்டு மேடு இருக்கும். ஊருக்கு ஆற்றுத் தண்ணீர், காலனிக்குப் போர்வெல் தண்ணீர் என்று இருக்கும் ஒரு கிராமத்தை நினைத்துப் பாருங்கள். ஊரில் ஃபுளோரைடு 0.4, காலனியில் 2.4. ஊரில் பாதிப் பேர், காலனியில் பாதிப் பேர் என்றால் சராசரி 1.4. அனுமதி வரம்புக்குள் வந்துவிட்டது. ஆனால் 1.4 உள்ள தண்ணீரை அந்தக் கிராமத்தில் யாருமே குடிக்கவில்லை. சராசரி மனிதர் குடியிருப்பது ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கும் பொட்டல் காட்டில்தான்!

பீளமேடு நூற்பாலைகளால் வளர்ந்த இடம். 1956இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆலைக்குள்ளும் இதே கதை உண்டு. பஞ்சைப் பிரித்து உதறும் புளோரூமிலும் கார்டிங்கிலும் தூசு அதிகம். நூல் ஓடும் பகுதியில் குறைவு. அலுவலகத்தில் மிகக் குறைவு. பஞ்சுத் தூசால் வரும் பிஸினோசிஸ் நோயில், வார விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் நெஞ்சு இறுகும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பஞ்சுத் தூசுக்கு வைத்த வரம்பு கன மீட்டருக்கு 0.2 மில்லிகிராம். ஆலை முழுவதற்கும் ஒரே சராசரி எடுத்தால், அலுவலகத்தின் சுத்தமான காற்று கார்டிங் தொழிலாளியின் தூசை மறைத்துவிடும். பிரிவு வாரியாக அளந்தால் மறைக்க முடியாது.

மூன்று குடம், ஒரு சாதி

கணினி வந்த பிறகு இந்தக் கணக்குகளை மான்டே கார்லோ என்ற முறையில் போடுகிறார்கள். சூதாட்ட விடுதிக்குப் பெயர் போன ஊரின் பெயர். இந்தப் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி நிக்கோலஸ் மெட்ரோபொலிஸ், ஸ்டானிஸ்லா உலாம் இருவரும் எழுதிய கட்டுரை 1949இல் வந்தது. முறை கடினமில்லை. மூன்று குடங்கள். ஒன்றில் தண்ணீரின் நச்சு அளவு எழுதிய சீட்டுகள், ஒன்றில் குடிக்கும் அளவு, ஒன்றில் உடல் எடை. ஒவ்வொரு குடத்திலிருந்தும் ஒரு சீட்டு எடுத்துக் கணக்குப் போட வேண்டும். இப்படிப் பத்தாயிரம் தடவை செய்தால் பரவல் கிடைக்கும்.

ஒவ்வொரு குடத்திலும் பத்தில் ஒரு சீட்டு மோசமானது என்று வைப்போம். மூன்றும் மோசமாக ஒருவருக்கே விழ வாய்ப்பு என்ன? மூன்றையும் தனித்தனியாக எடுத்தால் ஆயிரத்தில் ஒன்று. ஆயிரம் பேர் உள்ள ஊரில் ஒரே ஓர் ஆள். ஒருவருக்காகத் திட்டத்தை நிறுத்த முடியுமா என்று கேட்பார்கள்.

ஆனால் நம் ஊரில் சீட்டுகள் தனித்தனியாக விழுவதில்லை. மோசமான தண்ணீர் கிடைக்கும் தெருவில் இருப்பவர்தான் வெயிலில் வேலைக்குப் போகிறார். அவரே அதிகத் தண்ணீர் குடிக்கிறார். சரியான உணவில்லாமல் எடையும் குறைந்திருக்கிறார். மூன்று சீட்டையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்தது போல. முழுக்கக் கட்டியிருந்தால் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று அல்ல, பத்தில் ஒன்று. ஆயிரம் பேரில் நூறு பேர். அந்தக் கயிற்றுக்குப் புள்ளியியலில் சார்பு என்றோ ஒட்டுறவு என்றோ பெயர் சொல்வார்கள். நம் ஊரில் அதன் பெயர் சாதி.

கயிறு கற்பனை அல்ல. கழிவுநீர், கழிவுத்தொட்டி வேலை செய்வோரைப் பற்றி ஒன்றிய அரசு திரட்டிய விவரம் 2024இல் வெளியானது. ஏறத்தாழ 38,000 பேரில் 68.9 சதவீதம் பட்டியல் சாதியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம்தான். சீட்டு குருட்டாம்போக்கில் விழுந்திருந்தால் இந்த இரண்டு எண்களும் கிட்டத்தட்டச் சமமாக இருந்திருக்க வேண்டும். மான்டே கார்லோ முறைக்கு 1997இல் வழிகாட்டு நெறிகள் வகுத்த அமெரிக்க முகமையும், எந்தப் பரவலை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும், உள்ளீடுகளுக்கு இடையே சார்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

ஐந்து நிமிடத்தில் போகும் உயிர்

கழிவுத்தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை போல நாறும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கைத் தொடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 700 பங்கைத் தாண்டினால் நிமிடங்களில், சில நேரம் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். முன்பு சொன்ன அதே அட்டவணையில் இந்த வாயுவுக்கு எட்டு மணி நேரச் சராசரி வரம்பு 10 பங்கு.

ஒருவர் 700 பங்கு வாயுவில் 5 நிமிடம் இருந்தார், மீதி நேரம் சுத்தமான காற்று என்று கணக்குப் போடுங்கள். 8 மணி நேரச் சராசரி 7.3. வரம்புக்குள்! உயிரைப் பறிகொடுத்தவரின் அன்றைய சராசரி சட்டப்படி சரியாகவே இருக்கும். அதனால்தான் அந்த அட்டவணை 15 நிமிடத்துக்கு 15 பங்கு என்று இன்னொரு வரம்பும் வைத்தது. சில ஆபத்துகளுக்குச் சராசரியே உதவாது; உச்சம்தான் கணக்கு.

சாவுகளின் எண்ணிக்கையிலும் ஏமாற வேண்டாம். எப்போதாவது நடக்கும் சம்பவங்களுக்குப் பாய்சான் பரவலைப் பயன்படுத்துவார்கள். 1898இல் போர்ட்கீவிச் என்பவர் பிரஷ்யப் படையில் குதிரை உதைத்துச் செத்த வீரர்களின் 20 ஆண்டுக் கணக்கை எடுத்து இந்தப் பரவல் பொருந்துவதைக் காட்டினார். ஓர் ஊரில் சராசரியாக மூன்று ஆண்டுக்கு ஒரு சாவு நடக்கும் அளவுக்கு ஆபத்து இருந்தாலும், குறிப்பிட்ட ஓர் ஆண்டில் ஒரு சாவும் நடக்காமல் இருக்க 72 சதவீதம் வாய்ப்பு உண்டு. எங்கள் ஊரில் இந்த ஆண்டு யாரும் சாகவில்லை என்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்பதற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இங்கே எந்தப் பரவலும் தேவையில்லை; இறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

யாருடைய இரண்டு சதவீதம்?

காற்றுக்கான விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு நாள் வரம்பை ஆண்டில் 98 சதவீத நாட்களில் கடைப்பிடிக்க வேண்டும்; 2 சதவீத நாட்களில் தாண்டலாம், ஆனால் தொடர்ந்து இரண்டு நாள் தாண்டக் கூடாது. நாட்களைப் பொறுத்தவரை சட்டத்துக்கு வால் என்றால் என்ன என்று தெரிகிறது. மனிதர்களைப் பொறுத்தவரை தெரியவில்லை. நகரத்துக்கு ஆண்டில் ஏழு கெட்ட நாட்கள் என்றால், சாலை கூட்டுபவருக்கு வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் கெட்ட நாள்தான்.

பீளமேட்டில் கூட்டி அள்ளிய குப்பையும் கடைசியில் வெள்ளலூர்க் கிடங்குக்குத்தான் போய்ச் சேர்கிறது. 2024 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. கோவை முழுவதற்கும் ஆண்டுச் சராசரி போட்டால் அந்தப் புகை கரைந்துபோகும். அந்தப் பக்கத்துக் குடியிருப்புகளின் நெஞ்சில் அது கரைந்துபோகாது.

நாம் கேட்க வேண்டியவை

2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய திட்டங்கள் பலவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்பார். அங்கே நம் ஆட்கள் எழுந்து ஆறு கேள்விகள் கேட்கலாம்.

எங்கே அளந்தீர்கள், ஊரிலா காலனியிலா? சராசரி மட்டும் சொல்கிறீர்களே, இடைநிலை எவ்வளவு? நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் 95ஆவது ஆளுக்கு எவ்வளவு? கணக்கில் எடுத்த ஆளின் எடை என்ன, எத்தனை லிட்டர் குடிக்கிறார், எத்தனை மணி நேரம் வெளியில் நிற்கிறார்? எந்தப் பரவலை, என்ன காரணத்துக்காக எடுத்தீர்கள்? மோசமான தண்ணீரும் கடினமான வேலையும் ஒரே குடும்பத்துக்கு வருவதைக் கணக்கில் சேர்த்தீர்களா?

சராசரி இடைநிலையைவிட மிக அதிகமாக இருந்தால் அங்கே வால் இருக்கிறது என்று பொருள். இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. அளவே இல்லாதபோது குறைந்தது, அதிகம், நடக்கக்கூடியது என்ற மூன்று எண்ணை வைத்து முக்கோணப் பரவல் போடுவார்கள். அதில் அந்த அதிகம் என்ற எண்ணை யார் சொன்னார்கள் என்று கேளுங்கள். சாக்கடைக்குள் இறங்காதவர் சொன்ன உச்சம், உச்சமாகவே இருக்காது.

பீளமேட்டைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள். உங்கள் காலனித் தண்ணீரையும் ஊர்த் தண்ணீரையும் தனித்தனியாக ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். அம்மா ஒரு நாளில் எத்தனை சொம்பு குடிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களின் எடையை எழுதுங்கள். இரண்டு தெருவுக்கும் இரண்டு வளைவு வரையுங்கள், ஒன்றாகக் கலக்காதீர்கள். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள்.